வருவதும் வைப்பதும்

மூத்த மெக்கானிக்குக்குக் கோபம் வந்தால் ஸ்பேனர்கூட ஒளிந்துகொள்ளும் என்பது அந்தப் பேருந்துப் பணிமனையில் எல்லாரும் சொல்வதுதான். எட்டு மாதத்துக்கு முன் பிரேக்கைச் சரியாகப் பூட்டவில்லை என்று, அங்கேயே வேலை பார்க்கும் சொந்தத் தம்பியைப் பார்த்து, "நீ என் தம்பியே இல்ல" என்று அத்தனை பேர் எதிரிலும் கத்திவிட்டார். அன்றிலிருந்து தம்பி முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு மனுவும் கொடுத்துவிட்டான். திங்கட்கிழமை கையெழுத்தாகிவிடும். அண்ணனுக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை.

இந்த நேரம் பார்த்து நிர்வாகம், உணர்வுகளைக் கையாளும் பயிற்சி என்று ஒன்றை வைத்தது. பயிற்சி கொடுக்க வந்த அம்மாவுக்கு இவர்கள் உறவு தெரியாது. இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டார். ஆளுக்கொரு தாள், அதில் ஒரே வரி: 'உங்களைப் பார்த்தால் எனக்கு ______ வருகிறது.'

பணிமனைப் பெயிண்டர் 'தூக்கம்' என்று எழுதி எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

"உங்க உணர்வுக்கு நீங்கதான் சொந்தக்காரங்க" என்றார் அந்த அம்மா.

"தானா வர்றதுக்கு நான் எப்படிம்மா சொந்தக்காரன்? என்னைக் கேட்டா கோபம் வருது?" என்றார் அண்ணன். எட்டு மாதமாக இந்தச் சாக்கைச் சொல்லித்தான் மனசாட்சியின் வாயை அடைத்துவந்தார்.

"கோபத்த விடுங்க. வேற ஏதாவது எழுதிப் பாருங்க."

'பாசம்' என்று எழுதிப் படித்தார். பாசம் வருகிறது. காதுக்கு ஒட்டவில்லை. பாசம் வைப்பார்கள் அல்லவா? அதுவும் கோபம்போலத் தானாக வந்து எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று காத்துக் கிடந்த தன் முட்டாள்தனம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வரி முழுவதையும் அடித்துவிட்டு, 'உன் மேல பாசம் வச்சிருக்கேன்டா' என்று எழுதித் தம்பி பக்கம் தள்ளினார்.

தம்பி இரண்டு தடவை படித்தான். கண்ணில் நீர் முட்டியது.

"எங்கேண்ணே வச்சிருந்தீங்க? எட்டு மாசமா தேடினேனே."

"கோபம் தானாத்தான் வந்துச்சு. வார்த்தைய விட்டது நான்தான்டா" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

தம்பி எழுந்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க? பயிற்சி இன்னும் முடியலையே" என்றார் அந்த அம்மா.

"மாத்தல் மனுவத் திரும்ப வாங்கிட்டு வந்துடறேன்மா. அதுவரைக்கும் எங்கண்ணன கொஞ்சம் பாத்துக்கோங்க."