ஒரு முறை பாடியதை மறுமுறை பாடாத பெட்டி

கவுஞ்சி மலைக்கிராமத்துக் குரங்குகள், தங்களை விரட்ட வயலில் வைத்த கிராமபோனுக்கு ஒரே வாரத்தில் பழகிவிட்டன. முதல் நாள் குழாய் அலறியதும் தலைதெறிக்க ஓடியவை, பிறகு அதே இசைத்தட்டைக் கேட்டுக்கொண்டே பீன்ஸ் பறித்துத் தின்றன.

மைக்செட் அழகுமலைக்கு அப்போதுதான் மூளையில் மின்னலடித்தது. பழகுவதால்தானே பயம் போகிறது? வந்தது திரும்ப வராத சங்கீதத்தை ஒரு பெட்டியே உண்டாக்கினால்?

பெருமாள்மலையில் இருந்த தன் ரிப்பேர் கடையில் மழைக்காலம் முழுக்க முடங்கிக் கிடந்து அதைச் செய்து முடித்தான். பெட்டிக்குள் ஐந்து மின்சுற்றுகள். ஒவ்வொன்றும் மின்சாரத்திலிருந்து ஒரு ஸ்வரத்தை எழுப்பும். மேலே ஒரு காற்றாடி. அடுத்து எந்த ஸ்வரம் என்பதைக் காற்று முடிவு செய்யும். உதிரிப் பாகத்துக்கு எங்கே போவான்? மனைவி சின்னத்தாயிக்குக் கல்யாணச் சீராக வந்த ரேடியோவைப் பிரித்துவிட்டான்.

"கொரங்கு வயல்ல எறங்குச்சுன்னா, பெட்டியைப் பிரிச்சு என் ரேடியோவைப் பழையபடி பூட்டிக் குடுத்துரணும்" என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

பனி விலகியதும் அழகுமலை பெட்டியைத் தங்கள் பீன்ஸ் வயலில் வைத்து, கார் பாட்டரியில் கம்பியை மாட்டினான். பெட்டி பாடத் தொடங்கியது. ஒரு படி ஏறி, ஒரு படி இறங்கி, நின்று, குழைந்து... அடுத்த வயலில் பூண்டுக்குக் களையெடுத்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். குரங்குகளும் வந்தன. கல்வரப்பில் வரிசையாக உட்கார்ந்து, சாவகாசமாகப் பேன் பார்த்தன. ஒன்று இறங்கிக் கொடியை இழுத்தது.

"மாப்ள, கொரங்குக்குக் கச்சேரியா வச்சிருக்கீங்க? சுண்டல் உண்டா?" என்று மச்சான் திருமலைச்சாமி மேல் வயலிலிருந்து கத்தினான்.

சின்னத்தாயி திருப்புளியை எடுத்து நீட்டினாள். "பிரிங்க."

"கொஞ்சம் பொறு தாயி!"

அழகுமலைக்குத் தன் தப்பு புரிந்துவிட்டது. குரங்கை விரட்டத்தான் பெட்டியைச் செய்தான். ஆனால் கோயில் கச்சேரிகளுக்கெல்லாம் மைக் வைத்த காது அபஸ்வரத்தைப் பொறுக்குமா? ஒரு ஸ்வரத்திலிருந்து பக்கத்து ஸ்வரத்துக்கு மட்டுமே போகும்படி கம்பிகளை இணைத்திருந்தான். தாலாட்டுக்கு யார் பயப்படுவார்கள்?

பல்லைக் கடித்துக்கொண்டு கம்பிகளைப் பிடுங்கி மாற்றிப் பூட்டினான். சுதியையும் கலைத்தான். அடித்தொண்டையில் உறுமிய பெட்டி, அடுத்த நொடி உச்சத்தில் வீறிட்டது. குரங்குகள் குட்டிகளை வாரிக்கொண்டு சோலைக்குள் பாய்ந்தன.

"செயிச்சுட்டேன்!" என்று அழகுமலை குதித்தான்.

சின்னத்தாயி காதைப் பொத்திக்கொண்டு காய் பறித்தாள். ஒரு கூடை நிரம்புவதற்குள் நிமிர்ந்துவிட்டாள்.

"ஏங்க, மொதல்ல பாடுச்சே, அதைப் போடுங்க."

"அது போனது போனதுதான். திரும்ப வராது."

"அதே மாதிரி வேற ஒண்ணு பாடட்டும்."

"கொரங்கு வந்துருமே?"

அவள் கூடையை இறக்கிவைத்தாள். வேலியிலிருந்து நீளமான ஒரு கழியை உருவிக்கொண்டு கல்வரப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

"கொரங்கை நான் பாத்துக்கிறேன். நீங்க வெரசா சுதியைச் சேருங்க."