பலகையில் ஒன்று

பலகையிலிருந்த மூன்றாம் எண்ணை உருவிவிட்டு அந்த இடத்தில் இரண்டைச் செருகினாள் அக்கா. பந்தயத் தடத்தின் ஓரச் சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு பலகையை வெளியே நீட்டினாள். தம்பியின் வண்டி நேர்பாதையில் கிழித்துக்கொண்டு வந்தது. அவன் தலை லேசாகப் பலகைப் பக்கம் சாய்ந்தது, உடனே நிமிர்ந்தது, போய்விட்டான். அவள் கையிலிருந்த கடிகாரம் ஐந்து நொடி என்றது. பலகை இரண்டு என்றது.

இந்த வகைப் பைக் பந்தயத்தில் ஓட்டுகிறவன் காதில் யாரும் பேச முடியாது. பின்னால் வருகிறவன் எத்தனை நொடி தள்ளி வருகிறான் என்பதைச் சுற்றுக்கு ஒருமுறை அவனுடைய ஆட்கள் பலகையில் காட்டினால்தான் உண்டு. திரும்பிப் பார்க்கலாம். ஆனால் தம்பி திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பிப் பார்க்கிறவன் தோற்கிறவன் என்று அப்பா பதினைந்து வயதிலேயே அவன் மண்டையில் ஏற்றிவிட்டிருந்தார். அவன் பலகையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினான். பிடித்திருப்பது அக்கா அல்லவா.

"இவன் சோம்பேறி. பின்னால நாய் துரத்தினாத்தான் ஓடுவான்" என்பது பெற்ற மகனைப் பற்றி அப்பா வைத்திருந்த கருத்து. அதனால் உள்ள இடைவெளியைக் காட்டக் கூடாது, எப்போதும் குறைத்துத்தான் காட்ட வேண்டும். ஆறு வருடமாக இது அப்பாவுக்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. வண்டியைப் பார்த்துக்கொள்ளும் சித்தப்பாவுக்குக்கூடத் தெரியாது. ஒவ்வொரு கோப்பையையும் தூக்கிக்கொண்டு வந்து, "இன்னிக்கும் மயிரிழையில தப்பிச்சேன்க்கா" என்பான் தம்பி. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு அதில் ஒரு ருசி இருந்தது. வண்டி ஏறத் தெரியாதவள் இரண்டு விரலால் அந்த வண்டியை விரட்டினாள்.

பின்னால் வந்துகொண்டிருந்தவன் பல்லி. யாருடைய வண்டியின் வாலிலாவது ஒட்டிக்கொண்டால் விடமாட்டான் என்பதால் அந்தப் பெயர். அப்பாவின் பட்டறையில் தொழில் கற்று, அப்பாவோடு முட்டிக்கொண்டு வெளியே போனவன். இந்த வருடம் மட்டும் அவனும் தம்பியும் மூன்று தடவை ஒருவரையொருவர் இடித்துத் தள்ளியிருந்தார்கள். முதல் தடவை பல்லிக்குத் தோள்பட்டை எலும்பு. இரண்டாம் தடவை தம்பிக்கு இரண்டு விரல். மூன்றாம் தடவை இருவருமே ஜல்லியில் உருண்டு எழுந்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலே அடித்துக்கொண்டார்கள். இரண்டு பானைகள் சண்டை போடுவதுபோல் இருந்தது என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். இன்று ஜெயிக்கிறவனுக்குத்தான் இந்த வருடப் பட்டம்.

பதினாறாவது சுற்றில் கூட்டம் எழுந்து கத்தியது. கடைசி வளைவுக்கு முன்னால் புழுதி கிளம்பியது.

"பல்லி விழுந்துட்டான்! விழுந்துட்டான்டா பய!" அப்பா தொடையில் தட்டினார். அறுபது வயதில் முழங்கால் வலியையும் மறந்து வேலிப் பக்கம் ஓடினார், அவன் எழுந்திருக்கிறானா இல்லையா என்று கண்ணாரப் பார்க்க.

அக்கா சுவரோரம் தனியாக நின்றாள். பல்லி விழுந்தது தம்பிக்குப் பின்னால். அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவன் ஒரு சுற்று முடித்து அந்த இடத்துக்கு வருவதற்குள் பல்லியையும் வண்டியையும் இழுத்து மண்மேட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். யாரோ விழுந்தார்கள் என்று மஞ்சள் கொடி சொல்லும், யார் என்று சொல்லாது. அடுத்து வருகிறவன் பதினொரு நொடி பின்னால் இருந்தான். இனி நடையாய் நடந்தால்கூட ஜெயித்துவிடலாம்.

பதினொன்றுக்கு இரண்டு ஒன்றுகள் வேண்டும். இரண்டும் அவள் கையில் இருந்தன. ஒன்றை மட்டும் செருகினாள்.

அப்பா சொல்லவில்லை. அவர் அங்கேயே இல்லை. அவளாகத்தான் செருகினாள். அசட்டையாக ஓட்டுகிறவன்தான் விழுவான் என்று அப்பா சொல்லும் காரணத்தை அந்த நேரத்தில் அவளும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் அது காரணமில்லை. அவன் பறப்பதை இன்னொரு தரம் பார்க்க ஆசை, அவ்வளவுதான். பலகையைப் பார்த்ததும் தம்பி வண்டியோடு வண்டியாகப் படுத்துக்கொண்டான். எஞ்சின் அலறிய அலறலில் வேலிக்கு அப்பால் நின்றவர்கள் காதைப் பொத்தினார்கள். அவளுக்குச் சிலிர்த்தது.

அடுத்த சுற்றுக்கு அவன் வரவில்லை.

மூன்றே முக்காலுக்கு டாக்டர் வெளியே வந்தார், சொன்னார், போய்விட்டார். பிணவறை நடையில் இருந்த வழவழப்பான பிளாஸ்டிக் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா, சித்தப்பா, அவள். சித்தப்பாவின் நகக்கண்களில் கிரீஸ் இன்னும் போகவில்லை. யாரும் யாரையும் தொடவில்லை.

நான்கு மணிக்கு அப்பாவின் போன் அடித்தது. அம்மா. பந்தயம் பார்க்க அவள் ஒருநாளும் வந்ததில்லை. யார் ஜெயித்தார்கள் என்றும் கேட்பதில்லை. மகன் வண்டியைவிட்டு இறங்கிவிட்டானா என்று மட்டும் நான்கு மணிக்குக் கேட்பாள்.

அப்பா போனைக் காதில் வைத்தார்.

"இறங்கிட்டான்" என்றார். வைத்துவிட்டார்.

பிறகு எழுந்து, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வரும்படி அவளுக்குத் தலையசைத்தார். சித்தப்பா காதுக்கு எட்டாத தூரம்.

"கடைசியா என்ன போட்ட?"

"ஒண்ணு."

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. அறைவார் என்று காத்திருந்தாள். அறைந்தால் தேவலை என்று இருந்தது. அவர் குழாயைத் திறந்தார், கை கழுவாமல் மூடினார்.

"பதினொண்ணு போட்ட."

"இல்லப்பா, நான்..."

"பதினொண்ணு போட்ட. வண்டியில ஏதோ கோளாறு. அவ்ளோதான். உங்கம்மாவுக்கு இருக்கிறது இனிமே நீ ஒருத்தி."

"அப்போ சித்தப்பா?"

"அவன் என் தம்பி. நான் பார்த்துக்கறேன்."

அதை அவர் சொன்ன விதம், கூடப்பிறந்தவனைக் காப்பாற்றப் போகிறவர் சொன்னதுபோல்தான் இருந்தது. அதே நொடியில் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதையும் அவள் உணர்ந்தாள். இறங்கியதே என்று தன்மீதே காறித்துப்பத் தோன்றியது.

அவர்கள் திரும்பி வரும்போது பெஞ்சுக்கு எதிரில் பல்லி நின்றிருந்தான். இடது கை கட்டுப்போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது. ஒரு காலில் செருப்பு இல்லை. மூக்கை வலது தோளில் துடைத்துக்கொண்டான்.

"நீ எதுக்குடா இங்க வந்த?" என்றார் அப்பா.

அவன் அவரைச் சட்டை செய்யவில்லை. "அக்கா, எனக்கு ஒண்ணே ஒண்ணு புரியல. நான்தான் விழுந்துட்டேனே. அவன் பின்னால ஈ காக்கா இல்ல. யாருக்குப் பயந்துக்கிட்டு அந்தக் கடைசி வளைவுல அப்படிப் போனான்? அந்த வேகத்துல நானே போகமாட்டேன்."

நொண்டியபடி ஓர் அடி அவளை நெருங்கினான்.

"போர்டுல என்னக்கா காட்டினீங்க?"

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணு" என்றாள்.

பல்லி கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தான். நம்பினான். எதிரி என்று பெயரெடுத்தவன், ஒரே வார்த்தையில் நம்பிவிட்டான். "அப்போ வண்டிதான்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, தனக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்த சித்தப்பாவின் பக்கம் திரும்பினான். "அண்ணே... பிரேக்கு..." அதற்குமேல் கேட்க அவனுக்கு மனசு வரவில்லை. நொண்டிக்கொண்டே போய்விட்டான்.

சித்தப்பா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தய விசாரணை அதிகாரி ஐந்து மணிக்கு வந்தார். நல்ல மனிதர், குரலைத் தாழ்த்தியே பேசினார். வண்டி எரிந்து உருகிப்போய்விட்டது, அதில் பார்த்துச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்றார். கடைசியாக அதில் கை வைத்தவர் என்ன சொல்கிறாரோ அதுதான் அறிக்கையில் போகும்.

"பிரேக்காத்தான் இருக்கும்" என்றார் அப்பா. "என் தம்பிதான் மாட்டினான். வேணும்னு செய்வானா? வயசாயிடுச்சு, கண்ணு முன்ன மாதிரி இல்ல."

சித்தப்பா மறுக்கவில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். முன் பிரேக்கைப் பிடித்திருப்பது நான்கு போல்ட். ஒவ்வொன்றையும் முடுக்கியபின் அதன் தலைமீது மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார். போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். முப்பது வருடமாக அவர் கைவிடாத வழக்கம் அது.

"மூணுக்குக் கோடு போட்டது நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். "நாலாவதுக்குப் போடறப்ப அண்ணன் கூப்பிட்டாரு. எழுந்து போனேன். திரும்பி வந்து போட்டேனா..." அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன. "நீதானம்மா பெயிண்ட் டப்பாவப் பிடிச்சிருந்த. நல்லா யோசிச்சுச் சொல்லு. நாலாவதுக்குப் போட்டேனா?"

போட்டார். திரும்பி வந்து, குந்தி உட்கார்ந்து, முதலில் ஸ்பேனரை வைத்து இன்னொரு தரம் முடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். கோடு கொஞ்சம் கோணலாகப் போனது. துடைத்துவிட்டு மறுபடி நேராக இழுத்தார். "கோணலா இருந்தா வண்டி ஓடாதா சித்தப்பா?" என்று தம்பி அவரைக் கேலி செய்தான். அவள்கூடச் சிரித்தாள்.

அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"ஞாபகம் இல்ல சித்தப்பா" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். "போட்டிருந்தா உனக்குத் தெரியாம இருக்காது. நீ சின்ன வயசுலேர்ந்தே எல்லாத்தையும் கவனிக்கிற பொண்ணு." பிறகு, அவளைத் தேற்றுவதுபோல், "விடும்மா. நீ என்ன பண்ணுவ" என்றார்.

அதிகாரி தாளை நீட்டினார். இதில் கையெழுத்துப் போட்டால் இனி எந்தப் பந்தய வண்டியையும் தொட முடியாது, வழக்கு வந்தாலும் வரும், வேண்டுமானால் நாளைக்கு யோசித்துச் சொல்லலாம் என்றார். "நாளைக்கு யோசிச்சா மட்டும் பையன் வந்துடுவானா?" என்றார் சித்தப்பா. பேனாவை வாங்கிக்கொண்டு நடையில் மண்டியிட்டு, தாளைப் பெஞ்சின்மேல் வைத்தார்.

பேனா பட்டதும் தாள் அந்த வழவழப்பில் நழுவி நழுவிப் போனது. ஒரு எழுத்துகூட விழவில்லை. அவர் இரண்டாம் தரம் முயன்றார்.

அக்கா குனிந்து, தாளின் ஓரத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் எழுதி முடிக்கும்வரை பிடித்திருந்தாள்.