ஹஜ்ஜுக்குப் போகுமுன் ஒரு வரம்பு

ஒரு தவளை மௌன நோன்பு பிடித்ததாம். மழை வரும்வரை அந்த நோன்பு மிகச் சிறப்பாக நடந்தது.

கல்முனைக்குடி மீராசாஹிபு வாதம் செய்வதை விட்டுப் பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. ஹஜ் பயணிகளுக்கு நடந்த வகுப்பில் மௌலவி இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்லியிருந்தார். ஹஜ்ஜின்போது தர்க்கம் கூடாது என்பது ஒன்று. மற்றது அதைவிடக் கடுமையானது: அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அல்லாஹ் மன்னிப்பான், மனிதனுக்குச் செய்த குற்றம் அந்த மனிதன் பொறுத்தாலன்றித் தீராது.

மீன் விலையிலிருந்து பிறை பார்ப்பது வரை எல்லாவற்றிலும் எதிர்க்கட்சியாகவே வாழ்ந்தவருக்கு முதலாவதே பெருஞ்சோதனை. ஆகவே அவருடைய மனைவி கைருன்னிஸா தஸ்பீஹ் மணிமாலையுடன் காவலிருந்தார். கணவரின் குரல் உயரும்போது ஒரு மணியை நகர்த்துவார், வேறொன்றும் சொல்லமாட்டார். ஊரில் எவருக்கும் அடங்காத மனிதர் அந்தச் சிறு ஓசைக்கு அடங்கினார்.

பயணம் சொல்லி, பிழை பொறுக்கும்படி பொருத்தம் கேட்கும் வழக்கப்படி இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை செஞ்சிருந்தாப் பொருந்திக்கங்க" என்பார் மீராசாஹிபு. "பொருந்திட்டம், எங்களுக்கும் துஆ கேளுங்க" என்பார்கள். சிலர் இந்தச் சந்தர்ப்பத்தை நழுவவிடவில்லை. தேநீர்க்கடை முகைதீன்பாவா ஒரு கோப்பையை நீட்டி, அண்ணன் முறை வைத்து, "காக்கா, இருபது வரிசமாக் குறை சொன்ன தேத்தண்ணி. இண்டைக்கு எப்பிடி?" என்று கேட்டார். மீராசாஹிபு கண்களை மூடி ஒரு மிடறு விழுங்கி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கடையே சிரித்தது.

சனிக்கிழமை விமானம். வியாழன் காலையில் எஞ்சியிருந்தவர் ஒருவர் மட்டுமே. சவளக்கடையில் மீராசாஹிபுவின் வயலுக்கு அடுத்த வயல்காரர், பாண்டிருப்புக் கனகரெத்தினம்.

சிறுபோக நெல் முழங்காலளவு நின்றது. நீர் பாயும் வக்கடையை மண்ணால் அடைத்துக்கொண்டிருந்த கனகரெத்தினம், மனைவியோடு வெள்ளைச் சட்டையில் வந்தவரைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"வாங்க ஹாஜியார்."

"இன்னும் ஹாஜியாகல்ல. அதுக்குத்தான் வந்த. தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை செஞ்சிருந்தா..."

"தெரியாமச் செஞ்சதெல்லாம் பொறுத்திட்டன்," என்றார் கனகரெத்தினம். "தெரிஞ்சு செஞ்சத மட்டும் சொல்லுங்க காக்கா, கேப்பம்."

மீராசாஹிபு மனைவியைப் பார்த்தார். மனைவி நெல்லைப் பார்த்தார்.

"இந்த வரம்பு," என்றார் மீராசாஹிபு. "நாலு போகமா என்ட பக்கத்தால செதுக்கி, ஒங்கட பக்கத்தில மண்ண அணைச்சன். ஒரு முழம் உள்ள வந்திட்டுது."

"ஒண்டே கால் முழம்."

"தெரியுமா?"

"கண் இருக்குத்தானே. பரவாயில்ல காக்கா. அந்த மண்ண மனசாரத் தந்திட்டன். போயிற்று வாங்க."

தோல்வியைத் தாங்கும் பழக்கம் மீராசாஹிபுவுக்குச் சிறிது உண்டு. தானத்தைத் தாங்கும் பழக்கம் அறவே இல்லை.

"தாறதா? ஒங்கட மண் எனக்கு என்னத்துக்கு? திருப்பித் தரத்தான் வந்த."

"குடுத்தத வாங்கிற ஆள் நான் இல்ல."

"ஒங்கட மண்தான்!"

"இல்ல, இப்ப உங்கட மண்."

ஒரு மணி நகர்ந்தது. மீராசாஹிபுவின் காதில் அது விழவில்லை. சாரத்தை மடித்துக் கட்டினார். கனகரெத்தினத்தின் மண்வெட்டியைப் பறித்தார். வரம்பில் ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார். சேற்றில் பாதி அவருடைய வெள்ளைச் சட்டையிலும் மீதி தாடியிலும் தெறித்தது.

கனகரெத்தினம் பாய்ந்து மண்வெட்டிப் பிடியைப் பற்றிக்கொண்டார். "காக்கா, உங்களுக்குப் பைத்தியமா? பயிர் நிக்கிற வயல்ல வரம்ப வெட்டுறதா? தண்ணி எல்லாம் உங்கட பக்கம் இறங்கினா என்ட பயிர் காஞ்சிரும்."

மீராசாஹிபு தம் கால்களின் கீழ் மிதிபட்ட கனகரெத்தினத்தின் பயிரைப் பார்த்தார். நான்கு போகம் செய்த பிழையைத் தீர்க்க வந்த இடத்தில் ஐந்தாவதையும் செய்தாயிற்று.

"அப்ப நான் என்ன செய்ய?" குரல் தாழ்ந்திருந்தது. "வெள்ளாமை வெட்டின பிறகு வரம்பத் தள்ளலாம். அதுக்குள்ள நான் அங்கயே மௌத்தாகினா?"

கனகரெத்தினம் மண்வெட்டிப் பிடியை விட்டார். சாவைப் பற்றிய அந்தக் கேள்வியில் விளையாட்டு இல்லை என்பது அவருக்கும் புரிந்தது.

"மௌத்தாகினா மண்ண நானே வெட்டி எடுத்துக்கிறன். அதுவும் பொறுத்தாச்சு. உசிரோட வந்தா நீங்கதான் வெட்டோணும். கூலி தரமாட்டன்."

"ஒண்டே கால் முழமும்?"

"நூல் பிடிச்சு."

மீராசாஹிபு சேற்றுக் கையை நீட்டினார். கனகரெத்தினத்தின் கையும் சேறாகவே இருந்தது. பிறகு இருவரும் குனிந்து வெட்டுப்பட்ட இடத்தில் மண்ணை அப்பி, சாய்ந்த பயிரை நிமிர்த்தி வைத்தார்கள்.

"பேரீச்சம்பழம் கொண்டு வாங்க காக்கா," என்றார் கனகரெத்தினம். "கொட்டை சின்னதாப் பாத்து."

முச்சக்கர வண்டியில் திரும்பும்போது மீராசாஹிபு அஞ்சிக்கொண்டே கேட்டார்: "எத்தின மணி நகர்த்தின?"

"ஒண்டோட நிப்பாட்டிட்டன்," என்றார் கைருன்னிஸா. "எனக்கு எண்டு சண்டை பிடிச்சா அது தர்க்கம். ஒனக்கு ஒனக்கு எண்டு பிடிச்சா அதுக்கு என்ன பேரெண்டு மௌலவிக்கிட்டத்தான் கேக்கோணும்."

மீராசாஹிபு மனநிறைவோடு தாடியிலிருந்த சேற்றைத் துடைத்தார். கல்முனைச் சந்தி தெரிந்தது.

"எண்டாலும்," என்று தொடங்கினார், "அது ஒரு முழம்தான். ஒண்டே கால் வராது."

ஒரு மணி நகர்ந்தது.