வால்வு வளையாத வண்டி

வெள்ளிக்கிழமை கஹூல் நகரத்திலிருந்து திரும்பும்போதே அந்தச் சத்தம் வந்துவிட்டது. மேடு ஏறும்போது எஞ்சினின் வலது ஓரத்தில் மெல்லிய கிறீச்சொலி. இறக்கத்தில் அடங்கியது, வீட்டு வாசலில் மறுபடி கேட்டது. அன்ஃபீசா பானட்டைத் திறந்து, மேலுறையைக் கழற்றி, கைபேசி வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தாள். எஞ்சினைத் தாளம் தப்பாமல் சுழலவைக்கும் டைமிங் பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. இந்த நிலையில் அது நாற்பத்தாறு கிலோமீட்டர் ஓடி வந்திருக்கிறது.

அவள் கணவன் பந்தெலெய்க்கு இரண்டு சிறுநீரகமும் போய் இரண்டு வருஷமாகிறது. திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறு மணிக்கு அவன் கஹூலில் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார வேண்டும். ஊரிலிருந்து முதல் மினிபஸ் எட்டு மணிக்குத்தான். ஊரில் இருந்த ஒரே மெக்கானிக் போன வசந்தத்தில் இத்தாலிக்குப் போய்விட்டான். வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையில் இரண்டு நாள். சனிக்கிழமை பஸ் பிடித்து, புதிய பெல்ட்டும் அதைத் தாங்கும் இரண்டு உருளைகளும் வாங்கி வருவதிலேயே போயிற்று. மிஞ்சியது ஞாயிறு.

அன்ஃபீசா தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஆனால் இருபது வருஷமாகக் கணவனுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவள். எந்த போல்ட்டுக்கு எந்த எண் என்று அவளுக்குத் தெரியும். கழற்றியதுதான் இல்லை. பந்தெலெய் அறுவடை இயந்திரம் ஓட்டியவன். இப்போது இடது கையில் ஊசி குத்துவதற்காக இணைத்த ரத்தக்குழாய் புடைத்துக் கிடக்கிறது. அந்தக் கையால் எதையும் தூக்கக்கூடாது.

காலை பத்து மணிக்கு அவள் வலது முன்சக்கரத்தைக் கழற்றியிருந்தாள். ஆட்டுத்தோல் கோட்டு போட்டுக்கொண்டு அவன் வால்நட் மரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

வேலிக்கு மேல் ஹரலாம்பியின் தொப்பி தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர், எழுபது வயது.

“ஞாயித்துக்கிழமை கோயில் மணி அடிக்குது, நீ வண்டிக்கு அடியில கிடக்குற. சாமி உன்னைத்தான் முதல்ல பார்க்கும் போ.”

“பார்த்தா ஒரு கை பிடிக்கச் சொல்லுங்க, ஹரலாம்பி அண்ணே. நீங்க கல்யாணத்துக்குப் போகலையா?”

“தெருவே போயிருச்சு. ஒரு வண்டி மிச்சமில்ல. என்னை வீட்டுக்குக் காவல் வச்சுட்டுப் போயிட்டாங்க, நாய்க்குத் துணையா.” அவர் கழுத்தை நீட்டி எஞ்சினைப் பார்த்தார். “டைமிங் பெல்ட்டா? பதினாறு வால்வாச்சே. வளையுமா, வளையாதா?”

அந்தப் பக்கத்தில் ரஷ்ய வண்டி வைத்திருக்கும் எவனைப் பார்த்தாலும் கேட்கும் முதல் கேள்வி அது. அந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால், மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வுகளை முட்டி வளைத்துவிடும். அதோடு எஞ்சின் முடிந்தது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் பிஸ்டன்களைக் கழற்றி, கடைசல்காரனிடம் கொடுத்து, வால்வு வந்து உட்காரும் அளவுக்கு அவற்றின் தலையில் பள்ளம் வெட்டிக்கொள்வார்கள். வெட்டியவன் நிம்மதியாகத் தூங்குவான். வெட்டாதவன் ஒவ்வொரு மேட்டிலும் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுவான்.

“நம்மது வளையாது,” என்றான் பந்தெலெய் நாற்காலியிலிருந்து. “பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே வெட்டியாச்சு. உங்ககிட்ட நூறு தடவை சொல்லியிருக்கேன்.”

“நூத்தி ஒண்ணாவது தடவை கேட்டா குறைஞ்சா போயிருவ?”

அன்ஃபீசாவுக்கு அந்தப் பதில்தான் பிடிமானம். தப்பு செய்தாலும் ஒன்றும் உடையாது. இதைச் சொல்லிக்கொண்டுதான் அவள் காலையில் முதல் ஸ்பானரைக் கையில் எடுத்தாள்.

எஞ்சினின் அடியில் பெல்ட்டைச் சுழற்றும் கிராங்க் தண்டின் போல்ட் அசையவில்லை. எஞ்சின் சுழலாமல் பிடிக்க வழக்கமான உபாயம் ஐந்தாவது கியர், பிரேக்கில் ஒருவர். பந்தெலெய் மெல்ல எழுந்து போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். அவள் நீண்ட பைப்பை ஸ்பானரில் மாட்டித் தொங்கினாள். எஞ்சின் வழுக்கிச் சுழன்றது.

“பிரேக்கை மிதி!”

“மிதிச்சுட்டுத்தான் இருக்கேன்.”

“கோழி மிதிச்ச மாதிரி இருக்கு. நல்லா மிதி!”

கடைசியில் ஹரலாம்பி வேலி தாண்டி வந்து, அவனை நகர்த்திவிட்டு, தன் ரப்பர் பூட்ஸால் மிதித்தார். ஒரு உலுக்கலில் போல்ட் விட்டது. பந்தெலெய் வண்டிக் கதவைப் பிடித்தபடியே நாற்காலிக்குத் திரும்பினான். இரண்டு நாளாக உட்கார்ந்தே இருப்பதால் கால் மரத்துவிட்டது என்றான். ஹரலாம்பி கோழிக்குத் தீனி போடப் போனார்.

அவள் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்தாள். கிராங்கைத் திருப்பி எல்லாக் குறிகளையும் நேர்ப்படுத்தினாள். கீழே ஒன்று, மேலே வால்வுகளைத் திறந்து மூடும் இரண்டு கேம் சக்கரங்களுக்கு ஒவ்வொன்று. ஒவ்வொன்றின் மேலும் மகளின் பழைய நகப்பூச்சால் சிவப்புக் கோடு இழுத்தாள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தி, பழைய பெல்ட்டை விரல்களால் உரித்தெடுத்தாள்.

டக்.

பின்பக்கக் கேம் சக்கரம் தானாகவே துள்ளித் திரும்பி நின்றது. சிவப்புக் கோடு நான்கு பல் தள்ளிப் போயிருந்தது.

சத்தம் சிறியதுதான். ஆனாலும் அன்ஃபீசா குனிந்து உற்றுப் பார்த்தாள். வால்வு ஸ்பிரிங் தள்ளியிருக்கும், பரவாயில்லை, நம்மது வளையாது. அவள் பதினேழாம் எண் ஸ்பானரைச் சக்கரத்தின் நடு போல்ட்டில் மாட்டினாள். திரும்ப மறுத்தது. இன்னும் அழுத்தம் கொடுக்கத் தோளைச் சாய்த்தாள்.

“நிறுத்து!”

அவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“கையை எடு, அன்ஃபீசா. ஸ்பானரை விடு. வெட்டலை.”

“என்ன வெட்டலை?”

“பிஸ்டனை வெட்டலை. பலமாத் திருப்பினா வால்வு போயிரும்.”

அவள் கையை எடுத்தாள். விரல்கள் ஸ்பானரைப் பிடித்த வாக்கிலேயே மடங்கியிருந்தன. எஞ்சினுக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இரும்பு இரும்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கொஞ்சம் முன்பு அவள் தோளைச் சாய்த்தாளே, அப்போதே வளைந்திருக்குமோ?

“அப்ப வண்டியோட கஹூல்ல மூணு நாள் இருந்தியே. எஞ்சினை அங்கேயே பிரிச்சு பிஸ்டனை வெட்டிட்டு வந்தேன்னு சொன்னியே.”

“எஞ்சினை நான் பிரிக்கவே இல்லை. பிரிச்சா மறுபடி சேர்க்க வருமான்னு பயம் வந்துருச்சு. கடைசல்காரன் பட்டறை வாசல் வரைக்கும் போனேன். அப்புறம் அக்கா வீட்ல மூணு நாள் உக்காந்துட்டு வந்துட்டேன். வந்ததும் இந்த ஹரலாம்பி கேட்டாரு, வெட்டினியான்னு. வெட்டியாச்சுன்னு வாயில வந்துருச்சு. அதுக்கப்புறம் மாத்த முடியலை.”

“என்கிட்டயுமா?”

“உன்கிட்ட மாத்தத்தான் ரொம்பப் பயம்.”

அவள் கத்தவில்லை. “இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லு. நிஜமாத் தெரிஞ்சா மட்டும் சொல்லு.”

“கிராங்கை முதல்ல கால் சுத்து பின்னால திருப்பு. நாலு பிஸ்டனும் பாதி வழிக்கு வந்துரும், மேல எதுவும் முட்டாது. அப்புறம் கேம் சக்கரத்தைக் குறிக்குக் கொண்டா. பிறகு கிராங்கை மேல ஏத்து. இது நிஜம்.”

அவள் மண்டியிட்டு, கிராங்கைக் கால் சுற்று பின்னால் திருப்பினாள். எழுந்து கேம் சக்கரத்தை, இம்முறை இரண்டு விரலின் பலத்தில், மெல்லத் திருப்பினாள். அது வந்தது. அது மறுபடி துள்ளாதபடி இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஒரு மர ஆப்பைச் செருகினாள். கிராங்க் குறிக்கு ஏறியது. எதுவும் தடுக்கவில்லை. அவள் நிமிர்ந்து கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னும் எதெல்லாம் பொய்?”

அவன் உட்காரப் பார்த்தான். உட்காரும்போது கால் மடங்கவில்லை, சரிந்தது. நாற்காலியோடு சாய்ந்து விழுமுன் அவள் ஓடிப் போய்ப் பிடித்தாள்.

“கால் மரத்துப் போச்சா?”

“நேத்திலிருந்து. பஞ்சு மாதிரி இருக்கு. உதட்டுலயும் எறும்பு ஊருது.”

“புதன்கிழமை ரத்தம் எடுத்தாங்களே. பொட்டாசியம் அஞ்சு புள்ளி நாலுன்னு சொன்னியே.”

“ஆறு புள்ளி ஒன்பது.”

“பந்தெலெய்!”

“நீ பயப்படுவேன்னுதான்…” அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “பொட்டாசியம் ஏறும்னு தெரிஞ்சும் உலர்ந்த பிளம்ஸ் தின்னேன். மாடத்துல இருந்த பை. உப்பில்லாம, ருசியில்லாம இரண்டு வருஷம், அன்ஃபீசா.”

அவள் எண்ணெய்க் கையோடு கைபேசியை எடுத்தாள். டயாலிசிஸ் பிரிவில் ஞாயிறு பணி நர்ஸ் எடுத்தாள். கால், உதடு, பொட்டாசிய அளவு மூன்றையும் கேட்டாள். குரல் மாறியது.

“நாளைக்கு வரைக்கும் வைக்காதீங்க. இப்பவே கூட்டிட்டு வாங்க. இதயம் நின்னுரும், புரியுதா? நான் டாக்டரைக் கூப்பிட்டு மிஷினைத் தயார் பண்றேன்.”

ஆம்புலன்ஸ் எண்ணில், மாவட்டத்தின் இரண்டு வண்டியும் வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். ஒன்று காலியாகி வர ஒன்றரை மணி நேரம் ஆகும், ஒருவேளை இரண்டு. அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

“ஹரலாம்பி அண்ணே!”

அவர் தீனிக் கிண்ணத்தோடு ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். “யார்கிட்ட வண்டி இருக்குன்னு பார்க்குறேன்” என்று தெருவுக்குப் போனவர் வாசல் வாசலாகத் தட்டும் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. எங்கும் கதவு திறக்கவில்லை. கல்யாண வீட்டுக்காரர்களுக்கு அவள் போன் செய்தாள். மணி அடித்தது, இசைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அவளிடம் இருந்தது இந்த வண்டிதான்.

புதிய உருளைகளை மாட்டினாள். பெல்ட்டைக் கீழிருந்து மேலாகக் கொண்டுபோனாள்: கிராங்க், முன் கேம், பின் கேம், தண்ணீர்ப் பம்பு, டென்ஷனர். முன்பக்கம் தொய்வே இருக்கக்கூடாது. ஒரு பல் தள்ளி விழுந்தது. எடுத்து மறுபடி போட்டாள். பந்தெலெய் நாற்காலியிலிருந்து பேச முயன்றபோது, “வாயை மூடிட்டு மூச்சு விடு, எனக்குக் கேக்குற மாதிரி விடு” என்றாள்.

டென்ஷனரை இறுக்கி, ஆப்பை எடுத்தாள். இனி கையால் இரண்டு முழுச் சுற்று. தடுத்தால் எல்லாம் முடிந்தது.

ராட்செட் ஸ்பானரைக் கிராங்க் போல்ட்டில் மாட்டி இழுத்தாள். கால் சுற்று. அரைச் சுற்று. அவள் காது முழுக்க எஞ்சினுக்குள் இருந்தது. முக்கால் சுற்றில் ‘டொக்’ என்று நின்றது.

வளைந்த வால்வு, இறங்கி வராத பிஸ்டன், மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் மனிதன் எல்லாம் ஒன்றாக அவள் கண்முன் வந்தன. பிறகு குனிந்து பார்த்தாள். ராட்செட்டின் கைப்பிடி வண்டியின் சட்டத்தில் இடித்து நின்றிருந்தது. கழற்றி, வேறு கோணத்தில் மாட்டி இழுத்தாள். ஒன்று. ஒன்றரை. இரண்டு. சிவப்புக் கோடுகள் மூன்றும் தத்தம் இடத்தில் வந்து நின்றன.

பெல்ட்டின் மேலுறையை மாட்டவில்லை. பிளக், கிராங்க் போல்ட், சக்கரம். சக்கரத்துக்கு மூன்று போல்ட் முடுக்கியபோது ஹரலாம்பி வியர்த்துத் திரும்பினார். மீதி ஒன்றை அவர் முடுக்கினார். இருவருமாகப் பந்தெலெயை முன்னிருக்கையில் ஏற்றினார்கள்.

“மூடாத பெல்ட்டோட போறியே, பொண்ணே. ஒரு கல்லு தெறிச்சா…”

“ஆம்புலன்ஸ் எதிர்ல வந்தா நிறுத்திக்கிறேன். நீங்க அவங்ககிட்ட போன்ல பேசிட்டே இருங்க.”

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமியது. இன்னொரு முறை. பிடித்துக்கொண்டு ஓடியது.

திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மேடு ஏறும்போது அவன், “ரேடியோ போடட்டுமா?” என்றான். நாக்கு குழறியது.

“வேண்டாம். எனக்குக் கேக்கணும்.”

“எஞ்சினா, நானா?”

“ரெண்டும். பேசிட்டே வா.”

“என்ன பேச?”

“நிஜமா எதையாவது பேசு.”

அவன் யோசித்தான். மாடத்தில் இன்னொரு பை இருப்பதாகச் சொன்னான். கோட்டின் உள்பையில் நான்கு பிளம்ஸ் இருப்பதாகச் சொன்னான். அவள் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அவன் கோட்டைத் துழாவி, எடுத்துச் சன்னல் வழியே எறிந்தாள். “சாகவும் பயம், வெறும் கஞ்சி தின்னுட்டு உயிரோட இருக்கவும் பயம்” என்றான் அவன். பேச்சு நின்ற இடத்திலெல்லாம் அவன் கையைக் கிள்ளினாள். ஆம்புலன்ஸ் எதிரில் வரவே இல்லை.

மருத்துவமனை வாசலில் நர்ஸ் தள்ளுநாற்காலியோடு நின்றிருந்தாள். கதவைத் திறந்து, அவன் நாடியைப் பிடித்து, முகத்தைப் பார்த்து, யாரையோ சத்தமாக அழைத்தாள். இரண்டு பேர் அவனைத் தூக்கி வைத்து உள்ளே உருட்டிப் போனார்கள். ஊசலாடும் கதவு மூடும்போது அவன் வலது கை நாற்காலியின் ஓரத்தைப் பிடித்திருந்தது தெரிந்தது.

“நீங்க இங்கேயே இருங்க. அரை மணி நேரத்துல வந்து சொல்றேன்,” என்றாள் நர்ஸ்.

காவலாளி வண்டியின் சன்னல் கண்ணாடியைத் தட்டினான். “அக்கா, எஞ்சினை அணைங்க. புகை உள்ள போகுது.”

அவள் தலையாட்டினாள். சாவியின் மேல் கை இருந்தது, நகப்பூச்சு விரல்களில் அப்பியிருந்தது. ஓடுகிற எஞ்சினை நிறுத்த அவளால் முடியவில்லை.

“அக்கா, கேக்குதா?”

“கேக்குது. அவர் இருக்காருன்னு யாராவது வந்து சொல்லட்டும் தம்பி. அப்புறம் அணைக்கிறேன்.”

காவலாளி கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு புகைக்குழாய்ப் பக்கமாகப் போய், மருத்துவமனையின் திறந்திருந்த ஒரு சன்னலை வெளியிலிருந்து சாத்தினான்.