மடியோடு தைத்த நீலப் பறவை

மூன்று மணிக்கு நூலகர் போன் செய்தார். நூலகத்தில் நடக்கும் கைவேலைக் கண்காட்சியில் ஒருவர் கடைசி நேரத்தில் விலகிவிட்டாராம்.

"ஒரு மேசை காலியா இருக்கு. அஞ்சு மணிக்குள்ள பன்னெண்டு உருப்படி கொண்டு வந்துட்டா உங்களுக்குத்தான்."

பல் மருத்துவரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வருடமாக விண்ணப்பித்து, மூன்று வருடமும் இடமில்லை என்ற பதிலையே வாங்கியவள் அவள். பதினொரு குட்டிப் பர்ஸ்கள் தயாராக இருந்தன. பன்னிரண்டாவதற்குத் துணி மட்டும்தான் இருந்தது.

எல்லாமே அறுபது வருடத்துக்கு முந்தைய துணிகள். மூடிப்போன ஜவுளிக்கடை ஒன்றின் மாதிரிப் புத்தகத்தைப் பழைய பேப்பர்க்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தாள். ஒவ்வொரு துண்டும் உள்ளங்கை அகலம். ஒவ்வொரு டிசைனிலும் ஒரே ஒரு துண்டுதான். அதைப் பார்த்த அன்றே, அவள் கணவனின் தங்கை அவளுக்குக் 'கந்தல் அண்ணி' என்று பெயர் சூட்டிவிட்டாள்.

கடைசித் துண்டில் ஒரு நீலப் பறவை இருந்தது. அண்ணி கட்டிலில் சம்மணமிட்டு, மடியில் வைத்துத் தைக்கத் தொடங்கினாள். நைந்த துணி, இழுத்தால் கிழியும். எள்ளளவு தையலாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டாள். நாலரைக்கு முடிச்சிட்டு நூலைப் பல்லால் கடித்தாள். டாக்டர் பார்த்திருந்தால் வேலை போயிருக்கும்.

"முடிஞ்சிருச்சு!"

துள்ளி எழுந்தாள். பறவையும் கூடவே எழுந்தது. பர்ஸை அவள் தன் குர்த்தாவோடு சேர்த்துத் தைத்திருந்தாள்.

அதுவும் எந்தக் குர்த்தா? நாத்தனார் நாலு கடை ஏறி இறங்கி வாங்கித் தந்த சிவப்புக் குர்த்தா. லீவுக்கு வந்திருப்பவளின் மனம் குளிரட்டும் என்று இன்றுதான் முதல்முறை போட்டிருந்தாள். தையலைப் பிரித்தால் பறவை கிழியும், மேசை போகும். குர்த்தாவை வெட்டினால் நாத்தனார் முகத்தில் எப்படி விழிப்பது? அண்ணிக்கு அழுகையே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு நாத்தனார் ஓடி வந்தாள். பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஐயோ, பறவையை வெட்டிடாதே!"

"ஆடாம நில்லுங்க அண்ணி."

கறுக்கென்று சத்தம் வந்தது. பறவைக்கு ஒன்றும் ஆகவில்லை. குர்த்தாவில்தான் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

"ஏய், நீ ஆசையா வாங்கினது!"

"அதனாலதான் நானே வெட்டினேன். நீங்க வெட்டியிருந்தா சண்டை போட்டிருப்பேன். கிளம்புங்க!"

ஓட்டையை நாத்தனாரின் துப்பட்டா மறைத்தது. இரண்டு பேரும் தெருவில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துச் சைக்கிள்காரர் ஒருவர் ஒதுங்கி நின்றார். ஓடிக்கொண்டே நாத்தனார் பர்ஸ்களை எண்ணினாள். இரண்டு தடவை தப்பாக எண்ணினாள்.

ஐந்துக்கு நாலு நிமிடம். நூலகர் ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார். பன்னிரண்டாவது வந்ததும் கை நின்றது. நீலப் பறவையைச் சுற்றி மெல்லிய சிவப்பு ஓரம்.

"இதுதான் எல்லாத்திலயும் அழகு. இந்தச் சிவப்பு எந்தக் காலத்துத் துணிங்க?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"போன மாசத்துது. எங்க கந்தல் அண்ணிக்கு நான் வாங்கிக் குடுத்தது."