திறந்து திறந்து பார்த்த தட்டு

இடப்பக்கத் தட்டில் அம்மாவைக் கொன்ற புரதம் இருக்கிறது. வலப்பக்கத் தட்டில் இல்லை. அதன் மரபணுவையே வெட்டி எடுத்துவிட்டேன். இரண்டிலும் ஸ்டெம் செல்கள், இன்னும் எதுவாகவும் ஆகாதவை. நரம்பாக மாறுவதற்கான மருந்தை ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன்.

பிரியான் என்ற அந்தப் புரதம் எல்லார் மூளையிலும் சமர்த்தாகத்தான் இருக்கும். சிலருக்குக் கோணலாக மடிந்து, பக்கத்தில் இருப்பதையும் கோணலாக்கிவிடும். அம்மா கடைசியில் எங்கள் பெயரையே மறந்துபோனாள். அந்தக் கோளாறு அக்காவின் மரபணுவிலும் இருக்கிறது, எனக்கு இல்லை. நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. சனியன் தொலையட்டும் என்றுதான் வெட்டினேன்.

ஆனால் புரதம் இருந்த தட்டில்தான் செல்கள் மளமளவென்று நரம்பு நீட்டின. இல்லாத தட்டில் அவை பெருகிக்கொண்டே சும்மா கிடந்தன.

ஆய்வகத்துக்கு வந்திருந்த அக்கா நுண்ணோக்கியில் கண் வைத்தாள். "ஏன்டி, இந்தப் பாழாப்போனது இல்லன்னா எதுவுமே உருப்படாதா?"

"தெரியலக்கா." அந்தப் புரதத்தை அடக்கும் மருந்து வந்தால், முதலில் போட்டுக்கொள்ள வேண்டியவள் அவள்தான்.

வலப்பக்கத் தட்டைக் காட்டினாள். "இத எத்தன தடவ வெளிய எடுத்துப் பாத்த?"

இன்குபேட்டர் பெட்டியின் இளஞ்சூட்டில் அசையாமல் இருக்க வேண்டிய தட்டு. வந்ததும் பார்ப்பேன், காபிக்கு முன்னால் பார்ப்பேன், பின்னாலும் பார்ப்பேன். புரதம் இருந்த தட்டை வெறுப்பில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அடிப்பாவி! அடுப்புல வெச்சத சும்மா சும்மா தொறந்து பாத்தா எப்படி வேகும்? சின்ன வயசுலேருந்தே உனக்குப் பொறுமைங்கறதே கெடையாது."

புதிய தட்டுகளோடு மறுபடி ஆரம்பித்தேன். இன்குபேட்டர் கதவில் அக்கா ஒரு சீட்டு ஒட்டினாள்: 'தொடாதே. உன்னைத்தான்.'

குறித்த நாள் வந்ததும் இருவரும் சேர்ந்தே திறந்தோம். இந்த முறையும் புரதம் இருந்த தட்டுதான் முந்தியிருந்தது. அப்படியானால் குற்றம் என் கையில் மட்டும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா புரதம் இல்லாத வலப்பக்கத் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏய், இங்க வா. ஓரத்துல ஒண்ணு."

பார்த்தேன். ஒற்றைச் செல் மெல்லிய இழை ஒன்றை நீட்டிக்கொண்டிருந்தது.

"லேட்டுதான். ஆனா வருதுல்ல?"

தட்டை உள்ளே வைக்கக் கை நீட்டினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"இருடி, இன்னும் ஒரே ஒரு தடவ."

இழையின் நுனி பக்கத்துச் செல்லை இன்னும் தொடவில்லை.