சல்லடை அக்கா வீட்டுக் கேமரா

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் சல்லடை அக்கா. நகரம் முழுக்க இணைய இணைப்பு கொடுக்கும் நிறுவனம் அது. வெளியுலகத்திலிருந்து வரும் போக்குவரத்து முதலில் வந்து நுழைகிற ரூட்டர்கள் அவள் பொறுப்பில் இருந்தன. எது உள்ளே வரலாம், எதை வாசலிலேயே தள்ளிவிட வேண்டும் என்று அந்த ரூட்டர்களில் விதி எழுதி வைப்பவள் அவள்தான். யார் முதலில் அப்படிக் கூப்பிட்டார்களோ, இப்போது மேலாளர்கூட கூட்டத்தில் "எதுக்கும் சல்லடையை ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்கிறார். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அன்று காலை அவள் பையைக் கீழே வைப்பதற்குள் மேலாளர் வந்து நின்றார். பேயறைந்த முகம்.

"ஆஸ்பத்திரி படுத்துடுச்சு."

நகரத்திலேயே பெரிய மருத்துவமனை அது. அதன் இணையதளம் திறக்கவில்லை. ஆம்புலன்ஸ் பதிவு நின்றுபோய், பரிசோதனை முடிவுகள் டாக்டர்களுக்குப் போய்ச் சேராமல் அந்தரத்தில் தொங்கின. அவள் திரையைப் பார்த்தாள். தினமும் மேடும் பள்ளமுமாக ஓடுகிற கோடு இன்று நெட்டுக்குத்தாக ஏறி உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ எங்கிருந்தோ ஊர்ப்பட்ட கருவிகளை ஏவிவிட்டு, மருத்துவமனை முகவரிக்குக் குப்பையை வாரி இறைக்கிறார்கள். அந்த நெரிசலில் நிஜமான நோயாளிகளுக்கு நுழைய வழியில்லை.

"அந்த முகவரியையே மொத்தமா அடைச்சுட்டா என்ன? மத்த கஸ்டமர்லாம் கத்தறாங்க" என்றார் மேலாளர்.

"அடைச்சா தாக்குறவன் நினைச்சது நடந்துடும் சார். அவன் வேலையை நாமளே முடிச்சுக் கொடுத்த மாதிரி. கொஞ்சம் பொறுங்க."

"கொஞ்சம்னா?"

"நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

"எனக்கு இப்போ தண்ணிகூட இறங்காது" என்று அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டார்.

வந்து கொட்டுவதில் ஒரு கை அள்ளிப் பிரித்துப் பார்த்தாள். இணையத்தில் எதுவும் துண்டு துண்டாகத்தான் வரும்; இதில் எல்லாத் துண்டும் ஒரே அளவு, ஒரே அச்சு. இணையதளத்தைத் திறக்க வருகிறவர்கள் அனுப்புகிற வகை அதில் மருந்துக்கும் இல்லை. மருத்துவமனைக்கு வேண்டியதோ அந்த ஒரு வகைதான். ஆகவே விதி சுலபம்: இந்த முகவரிக்கு அந்த வகை மட்டும் வரட்டும், மிச்சமெல்லாம் விழட்டும். எழுதி, இரண்டு தடவை வாசித்துப் பார்த்து, ரூட்டர்களில் ஏற்றினாள். ஆனால் குப்பை அவர்கள் வாசலுக்கு வருவதற்கு முன்பே, வருகிற பாதையை நிறைத்துவிட்டிருந்தது. அதே விதியைப் பாதையின் மறுமுனையிலும் போட்டால்தான் வழி பிறக்கும். அந்த முனை இன்னொரு நிறுவனத்துடையது. அங்கே இருக்கும் இன்ஜினியருக்குப் போன் போட்டாள்.

"என்ன மேடம், ரொம்ப நாளா ஆளையே காணோம்" என்றார் அவர்.

"உங்களுக்குப் போன் பண்ணணும்னா எங்களை யாராவது அடிக்கணுமே."

அவர் சிரித்தார். அவர் சிரிப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் முகம் தெரியாது. தாக்குதல் வந்தால் மட்டும் பேசிக்கொள்கிற பழக்கம் பல வருடமாக இப்படியே ஓடுகிறது. அவள் சொல்லச் சொல்ல அவர் விதியை ஏற்றினார். கோடு சரிந்தது. மருத்துவமனை இணையதளம் திறந்தது. மேலாளர் மூச்சு விடுவதற்குள் மருத்துவமனையிலிருந்தே அடுத்த புகார் வந்தது: இணையதளம் வந்துவிட்டது, ஆனால் வார்டுகளில் டெலிபோன் ஊமையாகிவிட்டது.

அவளுக்குச் சுருக்கென்றது. அங்கே டெலிபோனும் இணையத்தில்தான் ஓடுகிறது. பேச்சைச் சுமந்து வருகிற துண்டுகளையும் அவளுடைய சல்லடை குப்பை என்று எண்ணித் தள்ளிவிட்டது. டெலிபோன் நிறுவனத்தின் முகவரியிலிருந்து வருவதை மட்டும் விடு என்று மேலே ஒரு வரி சேர்த்தாள். வார்டுகளில் மணி அடித்தது. மேலாளர் டீ குடிக்கப் போனார்.

வேலை அத்தோடு முடியவில்லை. குப்பையை அனுப்பியவை வீடுகளில் மாட்டியிருக்கும் கேமராக்கள். அவற்றில் சில அவர்களுடைய சொந்த வாடிக்கையாளர் வீடுகளிலேயே இருந்தன. அவை அனுப்பும் குப்பை மட்டும் வெளியே போகாதபடி அவள் ஒரு தடுப்புப் போட்டாள். அந்த வீடுகளின் பட்டியலை ரூட்டரே பிரித்துக் கீழ்த்தளத்து வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பும்படி செய்து, போனில் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவளே எழுதிக் கொடுத்தாள்.

மதியம் மற்றவர்கள் கூட்டமாகச் சாப்பிடப் போனார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அம்மா படுத்த படுக்கையாக இருந்த காலத்தில் "இல்லப்பா, நீங்க போங்க" என்று சொல்லிச் சொல்லியே அவர்கள் கேட்பதை விட்டிருந்தார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் கைபேசியைச் சாய்த்து நிறுத்தினாள். அதில் அவள் வீடு தெரிந்தது. அம்மாவின் கட்டில், சுருட்டி வைத்த மெத்தை, ஜன்னலிலிருந்து தரையில் விழுந்த வெயில். அந்தக் கட்டிலில் ஆள் இல்லாமல் மாதங்கள் ஆகிவிட்டன. எதைப் பார்க்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. சாப்பிடும்போது பார்ப்பாள், அவ்வளவுதான்.

போன் அடித்தது. ஒரு இளம்பெண்ணின் குரல். வீட்டு இணைப்பு இன்னும் அம்மா பெயரில்தான் இருந்தது; அந்தப் பெயரைச் சொல்லி, "அவங்க இருக்காங்களா மேடம்?" என்றது.

அந்தப் பெயரை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு நாளாயிற்று. அவள் சோற்றுக் கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் அவங்க பொண்ணு. சொல்லுங்க."

"உங்க வீட்டு இணைப்புல இருக்கற ஒரு கேமரா, உங்களுக்குத் தெரியாமலே வேற ஒருத்தரோட கட்டுப்பாட்டுக்குப் போயிருக்கு மேடம். நீங்க பயப்பட வேண்டாம்."

பயப்பட வேண்டாம் என்பது காலையில் அவளே சேர்த்த வரி.

"கேமராவோட வந்த பாஸ்வேர்டை மாத்தாம விட்டிருந்தா இப்படி ஆகும் மேடம்."

மாற்றவில்லை. ஊருக்கெல்லாம் அதைப் பாடமாக எடுத்தவள் மாற்றவில்லை. கேமராவை மாட்டிய அன்று, அப்போது கொஞ்சம் நடமாடிய அம்மா குளியலறையிலிருந்து கூப்பிட்டாள், இவள் ஓடினாள், அப்புறம் அது நினைவிலேயே இல்லை.

"வீட்ல யாராவது இருந்தா இப்பவே ஆஃப் பண்ணச் சொல்றீங்களா?"

"வீட்ல யாரும் இல்ல."

"சரி மேடம். யார் வந்தாலும் உடனே..."

"யாரும் வர மாட்டாங்கம்மா. நான் மட்டும்தான்."

அந்தப் பெண், எழுதிக் கொடுத்திருந்த வரிகளிலிருந்து கொஞ்சம் விலகினாள். "அப்போ கேமரா எதுக்கு மேடம் போட்டீங்க?"

"அம்மாவைப் பார்த்துக்கறதுக்கு."

"அம்மா எங்க..." என்று ஆரம்பித்தவள் பாதியில் புரிந்துகொண்டு நிறுத்தினாள். "சாரி மேடம். சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. அதுக்குள்ள ஆஃப் பண்ணலைன்னா இணைப்பை நிறுத்திடுவோம். நெட்வொர்க் டீம் போட்ட ரூல் மேடம், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

"நல்ல ரூல்தான்" என்றாள் அவள். "இப்பவே நிறுத்திடுங்க."

"இப்பவேவா?"

"ஆமாம்மா."

கைபேசியில் கட்டில் அப்படியே உறைந்தது. பிறகு திரை கறுத்தது. பாதிச் சோற்றோடு டப்பாவை மூடினாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய், செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல், நாற்காலி போட்டு ஏறிக் கேமராவைக் கழற்றினாள். உள்ளங்கையில் அடங்குகிற சின்னச் சாமான். சுவரில் ஓட்டைகள் மிஞ்சின. கட்டிலில் உட்கார்ந்து வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டாள். அதே குரல்.

"கழட்டிட்டேன். இணைப்பைத் திறந்து விடுறீங்களா?"

"நெட்வொர்க் டீம் ஓகே சொல்லணும் மேடம். அவங்க கிளம்பியிருப்பாங்க. நாளைக்குக் காலைல ஆயிடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நெட்வொர்க் டீம் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லவில்லை. "பரவாயில்லம்மா, இருக்கேன்."

"சாப்டீங்களா மேடம்?" என்றது குரல். அது யாரும் எழுதிக் கொடுக்காத கேள்வி.

"இனிமேதான்."

"சாப்பிடுங்க மேடம்."

மறுநாள் காலை தன் வீட்டு இணைப்புக்கான வேண்டுகோள் தன் மேசைக்கு வந்ததும் அனுமதி கொடுத்தாள். மருத்துவமனையிலிருந்து பாராட்டி மின்னஞ்சல் வந்திருப்பதாக மேலாளர் எல்லோரிடமும் சொன்னார். மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு, இத்தனை வருடத்தில் வேலை இல்லாமல் போகாத கீழ்த்தளத்துக்கு இறங்கினாள்.

ஹெட்போன் மாட்டிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல் எதுவென்று காது கொடுத்துக் கேட்டாள். ஒன்றுக்குள் ஒன்று கலந்து எல்லாம் ஒரே இரைச்சலாக இருந்தது, பிரிக்க முடியவில்லை. ஒருத்தி மட்டும் வாடிக்கையாளரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன மேடம் வேணும்?"

அந்தக் குரலாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்.

"ஒண்ணும் இல்ல. இங்க உட்கார்ந்து சாப்பிடலாமா?"

அந்தப் பெண் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, பேச்சைத் தொடர்ந்தாள்.